குட்டி ராஜாவுக்கு என்ன பெயர் வைப்பது?

கடிதம் எழுதியவர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சிலந்திகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இளம்பெண். ஊரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டேன். காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குதிக்கும் சிலந்தி அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆண் சிலந்தியின் கண்களுக்கு மேலே பொன்னிற மயிர்கள் பட்டையாக நிமிர்ந்து நிற்கின்றன, கிரீடம் வைத்ததுபோல. பெண்ணுக்கு அது இல்லை. அது சேரும் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இதுவரை பதிவான இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். வெளியூர் வல்லுநர்கள் இரண்டு பேர் "புதிய இனம்தான் போலிருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது பெயரில்தான் சிக்கல். ராஜா என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் வேண்டும் என்று பாசிலெயுஸ், டிரானஸ், ரீஜியஸ் என்ற மூன்றைக் குறித்துவைத்திருக்கிறார். "மூன்றும் கிரேக்கம், மூன்றுக்கும் ராஜா என்றுதான் அர்த்தம், எதை எடுக்கலாம்?" என்று கேட்கிறார். கிரேக்கமோ லத்தீனோ இல்லாவிட்டால் எந்த ஆய்விதழும் ஏற்காது என்கிறாராம் கைடு. கூடவே, தன் பெயரையே வைத்தால் நன்றாக இருக்கும் என்றும் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு ராஜராஜன் பெயரை வைக்க ஆசை. "அதெல்லாம் முடியாதுப்பா" என்று மகள் சொல்லிவிட்டார். இதற்கு நடுவில், வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் பார்த்த வேறொரு நிறுவனத்து சீனியர் "இது எங்களிடமும் இருக்கிறதே" என்றிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. "அவசரமாக ஒரு பெயரைப் போட்டு வெளியிட்டுவிட்டு, தப்பு இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வாழ்த்து. யாரும் பெயர் வைக்காத ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: திருத்த முடியாது. அதனால் இந்த வாரமே எதையும் அனுப்பிவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மூன்றும் கிரேக்கம் அல்ல, மூன்றும் ஒரே ராஜாவும் அல்ல

ரீஜியஸ் என்பது லத்தீன். ராஜாவைக் குறிக்கும் ரெக்ஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவில் இருக்கும் ஃபிடிப்பஸ் ரீஜியஸ் என்ற குதிக்கும் சிலந்தியைப் படித்திருப்பீர்கள், அங்கிருந்துதான் இந்தச் சொல் உங்கள் பட்டியலுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு மொழிகளும் ஒரே பெயருக்குள் கலந்து கிடப்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 1905-ல் ஆஸ்பர்ன் வைத்த டிரானோசாரஸ் ரெக்ஸ் என்ற பெயரையே பாருங்கள். டிரானோஸ், சாரோஸ் இரண்டும் கிரேக்கம், ரெக்ஸ் லத்தீன். பைதான் ரீஜியஸ் மலைப்பாம்பிலும் அப்படித்தான். டெல்ஃபியில் அப்பல்லோ கொன்ற பாம்பின் கிரேக்கப் பெயர் முன்னால், லத்தீன் உரிச்சொல் பின்னால்.

டிரானோஸ் கிரேக்கத்தில் வழங்கினாலும், அதன் வேர் கிரேக்கத்தில் இல்லை, சின்ன ஆசியாப் (இன்றைய துருக்கி) பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முதலில் அதற்குக் கொடுங்கோலன் என்ற பொருளும் இல்லை. பரம்பரை உரிமை இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவன், அவ்வளவுதான். நல்லவனாகவும் இருக்கலாம், கெட்டவனாகவும் இருக்கலாம். கொடுமை என்ற வாடை பிறகு ஏறியது. இந்தச் சொல்லையே அரிஸ்டாட்டில் ஒரு குருவிக்குச் சொல்கிறார்: வெட்டுக்கிளியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, தலையில் செம்பொன் நிறக் கொண்டை. ஆனால் உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-ல் இதே சொல்லை வைத்தது வேறொரு பறவைக்கு. தன் கூட்டுப் பக்கம் வரும் பருந்தையும் துரத்தி அடிக்கும் வட அமெரிக்கக் குருவி அது. இன்று டிரானஸ் டிரானஸ் என்பது அதன் முழுப்பெயர். இலைக்கு அடியில் பதுங்கி, பெண்ணுக்கு முன்னால் ஆடிக்காட்டும் உங்கள் சிலந்திக்கு இந்தப் பெயர் ஒட்டாது என்பது என் எண்ணம். இன்றைய வாசகருக்கு அந்தச் சொல்லில் கொடுங்கோல்தான் முதலில் கேட்கும்.

பாசிலெயுஸ்தான் கிரேக்கர்கள் ராஜாவுக்கு வழக்கமாகச் சொல்லும் சொல். அதற்கும் ஒரு சின்ன வரலாறு உண்டு. கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க அரண்மனைகளின் களிமண் ஏடுகளில் இது ஊர்த்தலைவர் போன்ற ஒரு சிறிய பதவியைக் குறிக்கிறது. வெண்கலக் கொல்லர்களின் மேலாளாகக்கூட வருகிறார். அந்தக் காலத்து உண்மையான அரசனுக்கு வனாக்ஸ் என்று பெயர். அரண்மனைகள் அழிந்து வனாக்ஸ்கள் போன பிறகு, ஊர்த்தலைவரின் பட்டமே அரசப் பட்டம் ஆனது. வனாக்ஸ் என்ற சொல் தேய்ந்து அனாக்ஸ் என்று பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரிடம் நின்றது. டிராய் போரில் கிரேக்கப் படைத்தலைவனான அகமெம்னானை அவர் 'மனிதர்களின் அனாக்ஸ்' என்றுதான் பாடுகிறார்.

அந்த அனாக்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடைக்கரையில் உங்கள் தலைக்கு மேலே பறக்கும் பெரிய தட்டான்களின் பேரினப் பெயர் அதுதான். 1815-ல் லீச் வைத்தார். அகமெம்னானும் நம் தோட்டத்தில் இருக்கிறார். நெட்டிலிங்க மரத்தில் முட்டையிடும், கறுப்பில் பச்சைப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சிக்கு கிராஃபியம் அகமெம்னான் என்று பெயர். ஆடுதீண்டாப்பாளையில் வளரும் சிவந்த உடம்புப் பட்டாம்பூச்சி டிராய் நாட்டு இளவரசன் ஹெக்டர். லின்னேயஸ் பெரிய பட்டாம்பூச்சிகளை இரண்டு படைகளாகப் பிரித்து, மார்பில் ரத்தச் சிவப்பு உள்ளவற்றை டிராய் வீரர்கள் என்றும், இல்லாதவற்றைக் கிரேக்க வீரர்கள் என்றும் அடுக்கினார். அகமெம்னான் என்ற பெயர் அந்தப் பூச்சியைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை, அணிவகுப்பில் அதற்குக் கிடைத்த இடத்தைத்தான் சொல்கிறது. நூற்றுக்கணக்கான பூச்சிகளுக்கு ஒரே மூச்சில் பெயர் வைக்கவேண்டியவருக்கு அது சரி. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சிலந்தி. அதைப் பற்றி ஏதாவது சொல்கிற பெயராக வைக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் சிலந்திக்கு நெருக்கமான சொல்

கிரேக்கம்தான் வேண்டும் என்றால், உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைச் சொல்கிறேன்: பாசிலிஸ்கோஸ். பாசிலெயுஸைச் சின்னதாக்கிச் சொல்லும் வடிவம், 'குட்டி ராஜா' என்று பொருள். பார்வையாலேயே கொல்லும் கட்டுக்கதைப் பாம்பாகத்தான் பலருக்கும் இதைத் தெரியும். ஆனால் அந்தப் பாம்பை விவரிக்கும் ரோமானிய எழுத்தாளர் பிளினி, முதலில் சொல்வது அதன் சிறிய உருவத்தைத்தான். வட ஆப்பிரிக்காவில் இருப்பதாகவும், நீளம் பன்னிரண்டு விரற்கடைக்கு மேல் போகாது என்றும், தலையில் அரசர்கள் கட்டும் பட்டம்போல ஒரு வெள்ளைக் குறி இருக்கும் என்றும் எழுதுகிறார். உடல் சிறியது, தலையில் அரசக் குறி. அதனால்தான் குட்டி ராஜா. அது சேவல் இட்ட முட்டையில் பிறந்தது, அதற்குச் சேவல் தலை என்பதெல்லாம் ஐரோப்பியர்கள் இடைக்காலத்தில் சேர்த்தவை.

இதே சொல் குருவிக்கும் உண்டு. யார் உயரப் பறக்கிறாரோ அவரே பறவைகளின் ராஜா என்று போட்டி வைத்தார்களாம். கழுகின் முதுகில் ஒளிந்துகொண்டு போன ஒரு சின்னக் குருவி, கழுகு களைத்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே பறந்து ஜெயித்ததாம். அந்தக் குருவியை ராஜா என்று அழைப்பதால்தான் கழுகுக்கு அதன்மேல் பகை என்று அரிஸ்டாட்டில் காதில் விழுந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். ரோமானியர்கள் பாசிலிஸ்கோஸை அப்படியே மொழிபெயர்த்தபோது ரெகுலஸ் கிடைத்தது. தலையில் பொன்கோடு உள்ள, ஐந்தாறு கிராம் எடையே இருக்கும் ஐரோப்பியக் குருவிக்கு இன்றும் ரெகுலஸ் ரெகுலஸ் என்றுதான் பெயர். சிம்ம ராசியின் பிரகாசமான நட்சத்திரத்துக்கும் பழங்கால வானியலாளர் தாலமி எழுதியது பாசிலிஸ்கோஸ் என்றுதான், இன்று அது ரெகுலஸ். நாம் அதை மகம் என்கிறோம். "மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வார்" என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்கிற அதே நட்சத்திரம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே புள்ளியைப் பார்த்து ராஜ்ஜியத்தை நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆக, சின்ன உடம்பு, தலையில் பொன்பட்டை. உங்கள் சிலந்திக்கு பாசிலிஸ்கஸ் என்ற லத்தீன் வடிவம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருக்கும். மத்திய அமெரிக்காவில் தண்ணீர்மேல் ஓடும் பல்லிக்கு பாசிலிஸ்கஸ் என்பது பேரினப் பெயர். அதனால் உங்களுக்குத் தடை இல்லை. இரட்டைப் பெயரில் முன்னால் வரும் பேரினப் பெயர்தான் விலங்குலகம் முழுவதிலும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், பின்னால் வரும் இனப்பெயர் அந்தப் பேரினத்துக்குள் மட்டும் திரும்ப வராமல் இருந்தால் போதும். பெர்ன் அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் உங்கள் பேரினத்தைத் திறந்து, இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயர்கள், கைவிடப்பட்ட பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிரீடத்தையே பெயராக்கலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். டயடெமா என்ற கிரேக்கச் சொல் இருக்கிறது. அது நாம் நினைக்கும் தங்கக் கிரீடம் அல்ல, அலெக்சாண்டரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்ட துணிப்பட்டை. ஆனால் சிலந்தி உலகில் அந்த இடம் நிரம்பிவிட்டது. அரானியஸ் டயடெமாடஸ் என்ற ஐரோப்பியத் தோட்டச் சிலந்திக்கு 1757-ல் கிளெர்க் அந்தப் பெயரை வைத்தார். விலங்குப் பெயர்கள் எல்லாம் லின்னேயஸின் 1758-ஆம் ஆண்டு நூலிலிருந்துதான் கணக்கு. கிளெர்க்கின் சிலந்திப் புத்தகத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து, அதன் பெயர்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெயரோடு உங்களுடையது குழம்ப வேண்டாம்.

பாலினம்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

பாசிலெயுஸ், பாசிலிஸ்கஸ் இரண்டும் பெயர்ச்சொற்கள். லத்தீன் இலக்கணப்படி பேரினப் பெயரின் பால் எதுவானாலும் அவை மாறாது. 'அரசனுக்குரிய' என்று பொருள்படும் பாசிலிகஸ், ரீஜியஸ் போன்றவை உரிச்சொற்கள். பேரினம் பெண்பாலாக இருந்தால் பாசிலிகா, ரீஜியா என்று மாறியே ஆக வேண்டும். (திருநீற்றுப்பச்சிலையின் பெயரான ஆசிமம் பாசிலிகம் அஃறிணைப்பாலில் வந்த அதே சொல்தான்.) எந்த வகைச் சொல்லாக வைக்கிறீர்கள் என்பதைக் கட்டுரையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், பின்னால் வருபவர்களுக்குச் சண்டை மிச்சம்.

பெண் சிலந்திக்குக் கிரீடம் இல்லையே, அதையும் ராஜா என்பதா என்று கவலைப்படுகிறீர்கள். பெயர் இனம் முழுவதற்கும், அதனால் தவறில்லை. கிரேக்கர்களே இதைவிடப் பெரிய தவறைச் செய்திருக்கிறார்கள். தேன்கூட்டின் தலைவியை அவர்கள் பாசிலெயுஸ், ராஜா, என்றே எழுதினார்கள். சிலர் அதைத் தாய் என்று சொல்வதாக அரிஸ்டாட்டிலே குறித்திருந்தும் அந்த ராஜா இரண்டாயிரம் ஆண்டு நிலைத்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்வாமர்டாம் நுண்ணோக்கியின் அடியில் அறுத்து, உள்ளே முட்டைப்பைகள் இருப்பதைக் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

பிழை விழுந்தால் அது அப்படியே நிற்கும்

"அப்புறம் திருத்தலாம்" என்ற நம்பிக்கையைத்தான் நான் உங்களிடமிருந்து பிடுங்கிவிட விரும்புகிறேன். 1834-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹார்லன் பெரிய முதுகெலும்புகளைப் பார்த்து, இது கடலில் வாழ்ந்த ராட்சத ஊர்வன என்று முடிவு செய்து, பாசிலோசாரஸ், அதாவது 'ராஜப் பல்லி', என்று பெயர் வைத்தார். ஐந்து வருடம் கழித்து லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அதன் பற்களைப் பார்த்தார். இரட்டை வேர் உள்ள பற்கள். பல்லிக்கு அப்படி இருக்காது, அது ஒரு திமிங்கலம். ஓவன் உடனே ஸூக்ளோடான் என்று சரியான பெயர் ஒன்றைக் கொடுத்தார். பலன் இல்லை. முதலில் வந்த பெயருக்குத்தான் உரிமை, பொருத்தம் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ள முடியாது என்பது விதி. பதினைந்து மீட்டருக்கு மேல் நீண்ட அந்தத் திமிங்கலம் இன்றும் ராஜப் பல்லிதான்.

எழுத்துப் பிழையும் அப்படித்தான். அச்சுப்பிழை, கைதவறல் என்று கட்டுரைக்குள்ளேயே ஆதாரம் இருந்தால் திருத்தலாம். கிரேக்கச் சொல்லைத் தவறாக எழுத்துப்பெயர்த்தது அந்தக் கணக்கில் வராது. நீங்கள் எழுதியது எழுதியதுதான். கிரேக்கம் தெரிந்த ஒருவரிடம், முடிந்தால் இரண்டு பேரிடம், அனுப்புவதற்கு முன்னால் காட்டிவிடுங்கள்.

யாருக்கு உரிமை?

இதில் உங்களுக்கு இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. முதலில் கண்டெடுத்ததால் பெயர் வைக்கும் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. முதலில் விதிப்படி வெளியிட்டவருக்குத்தான் அது. விதிப்படி என்றால், மற்ற இனங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்ற விவரணை வேண்டும், ஒரு ஹோலோடைப்பை (பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரி) குறிப்பிட்டு அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அச்சில் வராத, மின்னிதழ் மட்டும் என்றால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேட்டில் செய்த பதிவும் கட்டுரையில் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் போன படத்துக்கும் மாநாட்டுச் சுவரொட்டிக்கும் இங்கே மதிப்பு இல்லை. நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு: 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் 39-ஆம் பிரிவின்படி, புதிய இனத்தின் சான்று மாதிரிகளை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று. வனப்பகுதிக்குள் பிடித்தது ஒன்றிருந்தாலும் வனத்துறை அனுமதி எண் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, அந்த சீனியர் உங்களை முந்துவார் என்ற பயம். சட்டப்படி தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் விலங்கியல் பெயரிடு விதித்தொகுப்பின் நெறிமுறைப் பகுதி தெளிவாகச் சொல்கிறது: வேறொருவர் இதே இனத்தைக் கண்டு பெயரிடப் போகிறார் என்று தெரிந்தால், அவரோடு பேச வேண்டும், குறைந்தது ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அவருக்குத் தெரியவேண்டும் என்றால் நீங்கள் சொல்ல வேண்டும். இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், மரியாதையாக, தேதியோடு, கைடுக்கும் ஒரு பிரதி வைத்து. "இந்த இனத்துக்கான விவரணை தயாராகிக்கொண்டிருக்கிறது, உங்களிடம் உள்ள மாதிரிகளையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம்" என்று எழுதுங்கள். வேறு இடத்து மாதிரிகள் கிடைத்தால் உங்கள் கட்டுரைதான் பலப்படும். அவர் இணை ஆசிரியராக வந்தாலும் நஷ்டம் இல்லை. உங்களுக்குப் பிடித்தது அவருக்கும் கிடைத்திருக்கிறது என்பது இந்தச் சிலந்தி அங்கேயும் உயிரோடு இருக்கிறது என்பதற்கான நல்ல செய்தி.

கைடு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஆசிரியர் பட்டியலில் இருக்கும் ஒருவரின் பெயரை வைப்பதை விதி தடுக்கவில்லை. ஆனால் நம் துறையில் யாரும் அதை மதிப்பாகப் பார்ப்பதில்லை. தனக்குத்தானே பொன்னாடை போர்த்திக்கொள்வது போலத் தெரியும், அந்தப் பேச்சு அவர் பெயரோடு நிலைத்துவிடும். இதை அவரிடம் நீங்கள் சொல்ல முடியாது என்று எனக்குப் புரிகிறது. வெளியூர் வல்லுநர்கள் இருவரில் ஒருவரை, இணை ஆசிரியர்களின் பெயர் வேண்டாமே என்று கருத்தாக எழுதித்தரச் சொல்லுங்கள். வேறு யார் வழியாகவாவது வந்தால் அவருக்கும் விலகிக்கொள்வது எளிது. அதோடு, யார் முதல் ஆசிரியர் என்பதைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இனப்பெயருக்குப் பின்னால் காலம் முழுவதும் ஒட்டிவரப்போவது அந்த ஆசிரியர் பெயர்கள்தான்.

அப்பா கேட்டது

கிரேக்கமோ லத்தீனோ கட்டாயம் என்று கைடு சொன்னது பழைய நம்பிக்கை. இன்றைய விதிப்படி எந்த மொழிச் சொல்லையும் எடுக்கலாம், ரோமன் எழுத்தில் எழுதி ஒரு சொல்லாக உச்சரிக்க முடிந்தால் போதும். ராஜநாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓஃபியோஃபேகஸ் என்ற பேரினப் பெயர் கிரேக்கம், 'பாம்புண்ணி'. ஒரே இனம் என்று நினைத்திருந்ததை 2024-ல் நான்காகப் பிரித்தபோது, நம் மேற்குத் தொடர்ச்சி மலை ராஜநாகத்துக்கு வைத்த பெயர் காளிங்கா. கர்நாடகத்து மக்கள் அதை அழைக்கும் பெயர். கிரேக்கத்துக்குப் பக்கத்தில் அது எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

பாசிலிஸ்கஸ்தான் பொருத்தம் என்று மேலே சொன்னேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் உங்கள் மனம் அப்பா சொன்னதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. ராஜராஜன் பெயரை ஆறாம் வேற்றுமையில் வைத்தால் லத்தீன் முறைப்படி கடைசியில் ஓர் 'ஐ' எழுத்துச் சேரும். குட்டி ராஜாவா, பெரிய ராஜாவா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எதுவானாலும், முடியாது என்று அப்பாவிடம் சொன்னதை மட்டும் இன்றைக்கே போன் போட்டு மாற்றிச் சொல்லிவிடுங்கள்.